புதையல் தீவும் பொம்மைகளும்

சென்ற பருவத்தில் ஒரு சனிக்கிழமை மாலை, விடுதியில் எந்தப் படத்தைப் பார்ப்பது என்று எங்களுக்குள் பேச்சு எழுந்தது. தோழி ஒருத்தி, 1996-ஆம் ஆண்டில் வெளிவந்த ‘மப்பெட் ட்ரெஷர் ஐலண்டு’ என்னும் பொம்மைப் படத்தைக் கூறினாள். ஆங்கில இலக்கியம் பயிலும் மூத்த மாணவி ஒருவர் உடனே மறுத்தார். ஸ்டீவன்ஸன் எழுதிய ‘புதையல் தீவு’ உலகறிந்த நூல். அதனைத் தவளைக்கும் கரடிக்கும் பன்றிக்கும் கொடுத்து ஆடவும் பாடவும் விடுவது ஆசிரியரை அவமதிப்பதாகும் என்பது அவர் கட்சி. சிரிப்பதற்கு ஆயிரம் கதைகள் இருக்க, நல்ல நூல் ஒன்றை ஏன் கெடுக்க வேண்டும் என்றும் கேட்டார். அவை இரண்டு பட்டது. முடிவில் வேறொரு படம் பார்க்கப்பட்டது. நான் யாதொன்றும் பேசவில்லை. பேசாமைக்கு ஒரு காரணம் இருந்தது. அதனைப் பின்னர்ச் சொல்லுகின்றேன்.

கிறிஸ்துமஸ் விடுமுறையில் என் தங்கையின் பொருட்டு அப்படத்தை மீண்டும் காண நேர்ந்தது. பத்து ஆண்டுகளுக்குமுன் சிறுமியாய் இருந்தபோது பார்த்தது. கண்டபின், அன்று விடுதியில் சொல்லாமல் விட்ட விடையை இப்பொழுது எழுதத் துணிந்தேன். ஒரு பெருநூலுக்கு உயிர்நிலை என்று ஒன்று உண்டு. அவ்வுயிர்நிலையை ஊறுபடுத்தாத வேடிக்கை நூலைக் கெடுப்பதில்லை. இப்படத்திலோ வேடிக்கையே அவ்வுயிர்நிலைக்கு நம்மை வழிநடத்திச் செல்லுகின்றது. இதுவே இக்கட்டுரையில் நான் நிறுவ விழைவது.

முதற்கண் நூல் பிறந்த வரலாற்றை நோக்குவோம். 1881-ஆம் ஆண்டில் ராபர்ட் லூயி ஸ்டீவன்ஸன் ஸ்காட்லாந்திலுள்ள பிரேமர் என்னும் ஊரில் தங்கியிருந்தார். வெளியே மழை. வீட்டினுள் அடைபட்டுக் கிடந்த சிறுவன் லாயிட் ஆஸ்பர்ன் வண்ணம் தீட்டிப் பொழுது போக்கிக்கொண்டிருந்தான். அவன் ஸ்டீவன்ஸனுடைய மனைவியாருக்கு முந்திய மணத்திற் பிறந்த மகன். அப்பொழுது அவனுக்கு வயது பதின்மூன்று. அவனோடு கூடி விளையாடும்போது ஸ்டீவன்ஸன் ஒரு தீவின் வரைபடத்தை எழுதினார். அவ்வரைபடத்தினின்று கதை பிறந்தது. அத்தியாயங்களை எழுத எழுத வீட்டாருக்குப் படித்துக் காட்டினார். ஆசிரியருடைய தந்தையார் கலங்கரை விளக்கங்கள் கட்டிய பெரிய பொறியறிஞர். அவரும் சிறுபிள்ளைபோல் கதையில் மூழ்கி, பில்லி போன்ஸ் என்னும் கிழ மாலுமியின் பெட்டிக்குள் என்னென்ன பொருள்கள் இருந்தன என்னும் பட்டியலைத் தாமே எழுதிக் கொடுத்தார். 1881 அக்டோபர் முதல் 1882 ஜனவரி வரை ‘யங் ஃபோக்ஸ்’ என்னும் சிறுவர் பத்திரிகையில் ‘காப்டன் ஜார்ஜ் நார்த்’ என்னும் புனைபெயரில் அக்கதை தொடர்ந்து வெளிவந்தது. 1883-இல் நூலுருப் பெற்றது.

ஆகவே, இந்நூல் ஒரு மழைநாளில் பிள்ளையோடு பெரியவர் ஆடிய விளையாட்டின் பயன். விளையாட்டிற் பிறந்ததை மீண்டும் விளையாட்டினிடம் ஒப்படைத்தால் அஃது எங்ஙனம் அவமதிப்பாகும்? இதனை மூத்த மாணவியார் சற்றே எண்ணிப் பார்க்க வேண்டுகின்றேன்.

நூலை இன்னும் படியாதார் பொருட்டுக் கதையைச் சுருக்கிச் சொல்லுவேன். ‘அட்மிரல் பென்போ’ என்னும் கடலோரச் சத்திரத்தில் ஜிம் ஹாக்கின்ஸ் என்னும் சிறுவன் வாழ்கின்றான். அங்கு வந்து தங்கிய பில்லி போன்ஸ் இறக்க, அவனுடைய பெட்டியினின்று ஒரு தீவின் வரைபடம் கிடைக்கின்றது. ஃப்ளின்ட் என்னும் கொடிய கொள்ளைத் தலைவன் புதைத்துவைத்த பொருளுக்கு வழிகாட்டும் படம் அது. ட்ரிலானி என்னும் செல்வரும், லிவ்ஸி என்னும் மருத்துவரும், ஸ்மாலெட் என்னும் கப்பற்றலைவரும் ஜிம்மை உடன்கொண்டு ‘ஹிஸ்பானியோலா’ என்னும் கப்பலில் புறப்படுகின்றனர். கப்பலின் சமையற்காரன் லாங் ஜான் ஸில்வர், ஒற்றைக் காலன், இனிய சொல்லன், ஜிம்மிடம் பேரன்பு காட்டுபவன். அவனே மறைந்திருந்த கொள்ளைக் கூட்டத்தின் தலைவன் என்பது நடுக்கடலில் வெளியாகின்றது. பின்னர் நிகழும் போரும், புதையல் வேட்டையும், மீட்சியும் நூலின் எஞ்சிய பகுதி.

இக்கதையைப் பொம்மைகளைக் கொண்டு நடித்த குழுவினர் யாவர்? ஜிம் ஹென்ஸன் என்னும் அமெரிக்கக் கலைஞர் 1955-ஆம் ஆண்டில் தம் தாயாரின் பழைய மேலங்கித் துணியையும், இரண்டாக வெட்டிய ஒரு மேசைப்பந்தையும் கொண்டு ஒரு பொம்மை செய்தார். அதுவே பின்னர் கெர்மிட் என்னும் தவளையாய் உலகெங்கும் பெயர் பெற்றது. அதன்பின் கரடி, பன்றி, எலி, கழுகு எனப் பெருங்குடும்பம் ஒன்று தோன்றியது. 1990-ஆம் ஆண்டில், தம் ஐம்பத்து மூன்றாம் வயதில், ஹென்ஸன் காலமானார். பொம்மைகளை அவருடைய மகனார் பிரையன் ஹென்ஸனும் பழைய தோழர்களும் காத்தனர். டிக்கென்ஸின் கிறிஸ்துமஸ் கதையை 1992-இல் படமாக்கிய பிரையன், 1996-இல் புதையல் தீவை எடுத்துக்கொண்டார். பாடல்களை பாரி மான், சிந்தியா வைல் என்னும் இருவர் இயற்றினர். பின்னணி இசை ஹான்ஸ் ஸிம்மர் அமைத்தது. தந்தையார் அருகிருந்து உதவ ஸ்டீவன்ஸன் எழுதிய கதையை, தந்தையாரை இழந்த மகன் அவர் விட்டுச்சென்ற பொம்மைகளைக் கொண்டு படமாக்கினார்.

இப்பொம்மைகள் நடிக்கும் முறையும் அறியத்தக்கது. ஆட்டுவோர் படச்சட்டத்திற்குக் கீழே மறைந்து, ஒரு கையைத் தலைக்குமேல் உயர்த்திப் பொம்மையின் தலைக்குள் செலுத்தி, விரல்களால் வாயை அசைப்பர். மற்றொரு கை மெல்லிய கம்பிகளால் பொம்மையின் கைகளை இயக்கும். தாம் ஆட்டுவது எவ்வாறு தோன்றுகின்றது என்பதைத் தம்முன் வைத்த சிறு திரையிற் பார்த்துக்கொண்டே ஆட்டுவர். உடன் பேசவும் பாடவும் செய்வர். நாம் எளிதிற் சிரித்துவிட்டுப் போகும் ஒரு நொடிக்குப் பின்னே ஒருவருடைய தோள் எத்துணை நேரம் வலித்திருக்கும்!

இனி அச்சிரிப்பினை ஆராய்வோம். நம் தொல்காப்பியனார் மெய்ப்பாடுகளை வகுக்குமிடத்து, நகை பிறக்கும் நிலைக்களன்கள் நான்கு என்றார். எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்பன அவை. தமிழ் வகுப்பில் இவற்றை மனப்பாடம் செய்தபோது இவை தேர்வுக்குரியன என்று மட்டுமே எண்ணினேன். இப்படத்தை மீண்டும் பார்த்தபோது நான்கும் திரைமேல் உயிர்பெற்று நின்றன.

எள்ளலுக்கு, கப்பலின் முன்முகப்பில் மரச்சிலைகளாய் மாட்டப்பட்டிருக்கும் ஸ்டாட்லர், வால்டார்ஃப் என்னும் இரு கிழவர்களைக் கூறலாம். இறங்கிப் போகவும் இயலாது, படத்தைப் பார்க்காமலிருக்கவும் இயலாது, தாம் அகப்பட்டுக்கொண்ட படத்தையே அவர்கள் ஏசிக்கொண்டிருப்பர். இளமைக்கு, ஜிம்மின் தோழராய் வரும் கான்ஸோவும் எலியாகிய ரிஸ்ஸோவும் உள்ளனர். கொள்ளையரிடம் அகப்பட்டுத் துன்புறுங்காலும் கான்ஸோ அதனைப் புதியதொரு விளையாட்டாகக் கருதி மகிழ்வான். இவ்விரு வகையும் கதைக்குப் புறத்தே நின்று சிரிப்பூட்டுவன. எஞ்சிய இரண்டும் கதைக்குள்ளே புகுந்து நிற்பன. ஆதலின் அவற்றைச் சற்று விரித்துரைப்பேன்.

பேதைமைக்கு ட்ரிலானியைக் காண்க. நூலில் அவர் வாயடக்கம் இல்லாதவர். புதையல் பற்றி யாரிடமும் பேசற்க என்று மருத்துவர் எச்சரித்தும், துறைமுகம் எங்கும் செய்தி பரவுமாறு பேசிவிடுகின்றார். அதுமட்டோ? எதிரே வந்த ஸில்வரை உத்தமன் என நம்பி, அவனைக் கொண்டே மாலுமிகளைத் திரட்டுகின்றார். கப்பல் முழுவதும் கள்வர் நிறைந்ததற்கு அவருடைய எளிய நம்பிக்கையே காரணம். படத்தில் இப்பாத்திரம் ஃபாஸ்ஸி என்னும் கரடிக்கு அளிக்கப்பட்டுள்ளது. அக்கரடி தன் விரலுக்குள் ஒரு மனிதர் குடியிருப்பதாக நம்பி, அவரிடம் ஆலோசனை கேட்டு நடக்கின்றது! சிறு வயதில் இதற்கு விழுந்து விழுந்து சிரித்தேன். இப்பொழுதும் சிரித்தேன், ஆயினும் சிரித்தபின் நூலை நினைத்தேன். இல்லாத ஒருவருடைய சொல்லைக் கேட்டு நடப்பவனுக்கும், ஸில்வரின் நல்லெண்ணம் என்னும் இல்லாத ஒன்றை நம்பிக் கப்பலை ஒப்படைத்தவருக்கும் எவ்வளவு தூரம்? ஸ்டீவன்ஸன் பல பக்கங்களில் காட்டியதை அவ்வொரு விரல் காட்டிவிடுகின்றது.

மடன் என்பது, பிறர் கற்பித்ததைப் பற்றிக்கொண்டு, கொண்டதை விடாது நிற்கும் இயல்பு என உரையாசிரியர் விளக்குவர். அதற்கு ஆரோ என்னும் துணைத்தலைவர் இலக்கியம் ஆவார். நூலில் இவர் குடிகாரர். ஒருநாள் இரவில் கடலில் விழுந்து மறைகின்றார். படம் இதனை முற்றும் மாற்றிவிட்டது. அங்கே ஆரோ, ஸாம் என்னும் கழுகு; ஒழுங்கும் விதியுமே உருவெடுத்தவர்; ஒருகாலும் புன்னகை செய்யாதவர். குடிப்பழக்கம் இல்லாத இவரை ஸில்வர் எவ்வாறு அகற்றுவான்? ஒழுங்கின் மேலுள்ள அவருடைய பற்றினையே தூண்டிலாக்குகின்றான். கப்பலின் சிறு படகு பாதுகாப்பானதுதானா என்பதைத் தங்களைப்போன்ற கடமை வீரரன்றோ சோதிக்க வேண்டும் என்று பணிவாய்க் கேட்கின்றான். அவரும் பெருமிதத்தோடு அப்படகில் ஏறிக் கடலிற் செல்லுகின்றார். தீயோன் நம் குறைகளால் மட்டும் நம்மை வீழ்த்துவதில்லை. நம் நிறைகளாலும் வீழ்த்துவான். நூலில் இல்லாத இவ்வுண்மையை வேடிக்கை ஒன்று நூலோடு சேர்த்துவிட்டது. அப்படகைப் பற்றி மேலும் ஒரு செய்தி உண்டு; அஃது இறுதியில் வரும்.

நாற்றிசையும் இவ்வாறு சிரிப்புச் சூழ்ந்திருக்க, நடுவே ஸில்வர் நிற்கின்றான். அவன் பொம்மை அல்லன். டிம் கரி என்னும் ஆங்கில நடிகர் அவ்வேடம் பூண்டார். ஜிம்மாக நடித்த கெவின் பிஷப்பும் மனிதச் சிறுவனே. தலைவர் ஸ்மாலெட்டோ தவளையாகிய கெர்மிட். மருத்துவர் லிவ்ஸியும் பொம்மை. நல்லோர் அனைவரும் துணியாலும் பஞ்சாலும் ஆனவர். மூத்த மாணவியார் இதனையே குறையாகக் கூறினார். எனக்கோ படத்தின் நுட்பம் இங்கேதான் இருப்பதாகத் தோன்றுகின்றது. தந்தையை இழந்த ஒரு சிறுவன் தன்னைச் சுற்றிலும் நோக்குகின்றான். கப்பலில் அவனைத் தோளில் அணைத்துப் பேசவல்ல, தன்னைப்போல் முகமுடைய பெரியவன் அக்கள்வன் ஒருவனே! அவன்மேல் அன்பு செல்லாது வேறு யார்மேல் செல்லும்? நூலைப் படிப்போர்க்கு ஸில்வரின் இனிமையைச் சொற்களால் உணர்த்த வேண்டியிருந்தது. படமோ அதனைக் கண்ணுக்கே காட்டிவிட்டது.

ஸில்வர் தன் தொழிலுக்கு நியாயம் கூறி ஜிம்மைத் தன்பால் இழுக்க ஒரு பாட்டுப் பாடுகின்றான். கடற்கொள்ளையும் ஒரு தொழிலே; ஒரு நாட்டார் கள்வன் என்று பழிப்பவனை மற்றொரு நாட்டார் வீரன் என்று புகழவில்லையா என்பது அவன் வாதம். ஃபிரான்ஸிஸ் டிரேக்கை ஸ்பானியர் வெறுத்தனர், ஆங்கிலேயர் போற்றினர் என்பது வரலாறு. அவ்வரலாற்றையும் அவன் துணைக்கு அழைக்கின்றான். பாட்டு முடியுமுன் நம் கால் தாமே தாளம் போடத் தொடங்குகின்றது. இதுதான் அபாயம். தீமை எப்பொழுதும் கோரப்பல்லோடு வருமாயின் உலகில் ஏமாறுவார் யார்? இசையோடும் நகையோடும் வருவதாலன்றோ அதற்குக் கதவு திறக்கின்றோம்!

இனி, விடுதியில் நான் வாய் திறவாதிருந்த காரணத்தைக் கூறும் இடம் வந்தது. இப்படத்தை எனக்கு முதன்முதலில் காட்டியவர் என் சின்ன மாமா. என் தாயாரின் தம்பி. அப்பொழுது எனக்கு வயது ஒன்பது. அவர் வந்தால் எங்கள் வீடு திருவிழாக்கோலம் கொள்ளும். படம் முடிந்ததும் அப்பாவின் குடையைக் கக்கத்தில் ஊன்றிக்கொண்டு, ஒரு காலை மடக்கி, முற்றத்தைச் சுற்றி ஸில்வரைப்போல் நடந்து காட்டினார். நான் ஜிம்மாகி அவர் பின்னே ஓடினேன். ‘உன்னைப்போல் கெட்டிக்காரப் பிள்ளையை நான் பார்த்ததே இல்லை’ என்பார். ஈராண்டு கழிந்தபின், அவர் என் பாட்டியைக் கொண்டு, படித்துக் காட்டாமலே ஒரு பத்திரத்தில் கையொப்பமிடச் செய்தார் என்பதும், பாட்டியின் வீடு கைமாறிப் போயிற்று என்பதும் தெரியவந்தன. மாமா ஊரைவிட்டுப் போனார், இன்றுவரை திரும்பவில்லை. பாட்டி எங்களோடு வந்து தங்கினார். சுவரிலிருந்த மாமாவின் படம் இறங்கியது. அவர் பெயரை வீட்டில் எவரும் எடுப்பதில்லை. அவர் தந்த அப்படத் தட்டு மட்டும் அலமாரியின் அடித்தட்டில் கிடந்தது.

பின்னொருநாள் நூலைப் படித்தேன். அதில் ஜிம் ஆப்பிள் பீப்பாய்க்குள் ஒளிந்திருந்து ஸில்வரின் சதியைக் கேட்கும் அத்தியாயம் ஒன்று உண்டு. ஸில்வர் இளம் மாலுமி ஒருவனைத் தன் பக்கம் இழுக்க, ஜிம்மிடம் முன்பு கூறிய அதே புகழ்மொழிகளை அவனிடமும் கூறுகின்றான். கொலைச் சதியைக் கேட்டு நடுங்குவதற்கு முன்னரே, அப்புகழ்மொழிகளைக் கேட்டு ஜிம்மின் நெஞ்சு கொதிக்கின்றது. அவ்விடத்தில் நான் நூலை மூடிவிட்டேன். ஏனெனில், என் பெரியம்மாவின் மகளும், அடுத்த வீட்டுச் சிறுவனும், தாங்களே மாமா கண்ட ஒப்பற்ற கெட்டிக்காரர் என்று எண்ணியிருந்ததை நான் அறிவேன். பொருள் போனது பெரியோர்க்கு நட்டம். அச்சொல் எனக்கே உரியதன்று என்று அறிந்தது என் நட்டம்.

சென்ற விடுமுறையில், பத்து வயதாகும் என் தங்கை அலமாரியைக் கிளறி அத்தட்டினைக் கண்டெடுத்தாள். அவள் மாமாவை அறியாள். மறுக்கக் காரணம் சொல்ல இயலாது உடன் அமர்ந்தேன். பழைய சிரிப்பிடங்கள் எல்லாம் பழையபடியே சிரிப்பூட்டின. காற்றடங்கிய கடலில் கப்பல் அசையாது நிற்க, மாலுமிகள் அனைவரும் பித்துப் பிடித்தாரைப்போல் ஆடிப்பாடும் காட்சியில் நானும் தங்கையும் சேர்ந்து குதித்தோம். தனித்தீவில் கைவிடப்பட்ட பென் கன் என்னும் மாலுமி, படத்தில் பெஞ்சமினா கன் என்னும் பன்றியம்மையாய், ஆடை அணிகளோடு தீவின் அரசியாய் வீற்றிருப்பதைக் கண்டு தங்கை கைகொட்டினாள். சிறுவர்க்கான கதையாதலின் பெண்களை விலக்கியதாக ஸ்டீவன்ஸன் பின்னாளில் எழுதினார். நூறாண்டு கடந்து ஒரு பன்றியம்மை அவ்விலக்கை மீறித் தீவையே ஆண்டுவிட்டாள்!

முடிவு நெருங்கியது. நூலில், நாடு திரும்பும் வழியில் கப்பல் ஒரு துறையில் நிற்கையில், பென் கன்னின் உதவியால் ஸில்வர் ஒரு பை நாணயத்தோடு தப்பி மறைகின்றான். ஜிம் அங்கே இல்லை, பின்னரே அறிகின்றான். படம் இதனை மாற்றுகின்றது. இரவில் சிறைதப்பிப் படகை அவிழ்க்கும் ஸில்வரின் எதிரே ஜிம் நிற்கின்றான். ஒரு குரல் கொடுத்தால் போதும், யாவரும் வந்துவிடுவர். இருவரும் ஒருவரையொருவர் நோக்குகின்றனர். ஸில்வர் அவனைக் கொல்லவில்லை. ஜிம் எவரையும் அழைக்கவில்லை. இனி உன்னைக் காண விரும்பேன் என்று கூறி அவனைப் போகவிடுகின்றான்.

அப்பொழுது தங்கை கேட்டாள்: “அந்த ஆள் கெட்டவர்தானே, அக்கா? பிறகு ஏன் அந்தப் பையன் ஒருவரையும் கூப்பிடவில்லை?”

எனக்கு விடை வரவில்லை. முறுக்கு மாவு ஒட்டிய கையோடு அம்மா அறைவாயிலில் நின்று கொண்டிருந்ததை அதுவரை நாங்கள் கவனிக்கவில்லை. எவ்வளவு நேரம் நின்றார்களோ அறியேன். “கூப்பிட்டிருக்கத்தான் வேண்டும், ஆனால் பாசம் வைத்தாயிற்றே, அவன் என்ன செய்வான்?” என்று சொல்லிவிட்டு அடுக்களைக்குள் போய்விட்டார்கள். எட்டு ஆண்டுகளில் அம்மா தம் தம்பியைப் பற்றிப் பேசியதாக நான் கொள்வது அவ்வொரு சொல்தான்.

நூலறிஞர் சிலர், ஜிம்மே ஸில்வரை விடுவதாக மாற்றியது பிழை எனலாம். நான் உடன்படேன். ஸில்வர் என்னும் பாத்திரம் எங்கிருந்து வந்தது என்பதை ஸ்டீவன்ஸனே கூறியிருக்கின்றார். கவிஞர் ஹென்லி அவருடைய உற்ற நண்பர்; நோயினால் ஒரு காலை இழந்தவர்; அவ்விழப்பிலும் ஆண்மையும் கலகலப்பும் குன்றாதவர். அந்நண்பருடைய உயர்குணங்களை நீக்கிவிட்டு, வலிமையையும் துணிவையும் இன்முகத்தையும் மட்டும் நிறுத்தி ஸில்வரைப் படைத்ததாக அவர் எழுதினார். நண்பன் ஒருவனை நேசித்த நெஞ்சமே அக்கள்வனைப் படைத்தது. ஆதலால்தான் நூலின் இறுதியிலும் ஜிம்மினால் அவனை முற்றும் வெறுக்க முடியவில்லை; எங்கேனும் நலமாய் இருக்கட்டும் என்று எண்ணுகின்றான். நூல் நெஞ்சிற்குள் வைத்த இரக்கத்தைப் படம் செயலாக்கியது. உயிர்நிலை அங்ஙனமே இருக்கின்றது.

அன்பினால் தீர்ப்பு மாறிவிடுமோ எனின், மாறாது. இங்கேதான் ஆரோ சோதித்த படகு மீண்டும் வருகின்றது. ஸில்வர் புதையலோடு ஏறிச்சென்ற படகு பாதுகாப்பற்றது என்று, உயிரோடு திரும்பிவந்த ஆரோ கடமை தவறாது அறிவிக்கின்றார். அவரை ஏமாற்றுதற்கு ஸில்வர் சொன்ன பொய்க் காரணமே மெய்யாயிற்று! படகு நீர் கொள்ளுகின்றது. ஸில்வர் பொருளிழந்து தீவில் ஒதுங்குகின்றான். அங்கே அவனுக்குத் துணை, ஓயாது நகைமொழி பேசும் ஒரு கல்தலை. ஜிம் தண்டிக்கவில்லை, ஆயினும் வினை விடவில்லை. தன் வாய்ச்சொல்லால் பிறரை மயக்கியவன் பிறர் வாய்ச்சொல்லைக் கேட்டே காலங்கழிக்க வேண்டியவனானான். நடுவுநிலைமையை இத்துணைச் சிரிப்போடு காட்டிய முடிவு வேறு நான் கண்டதில்லை.

படத்தின் குறைகளையும் மறைத்தல் தகாது. நூலில் ஜிம் ஒரு சிறு தோணியில் தனியே சென்று கப்பலைக் கைப்பற்றுவதும், இஸ்ரேல் ஹான்ட்ஸ் என்னும் கொலைஞனைப் பாய்மரத்தின்மேல் எதிர்கொள்ளுவதும் படத்தில் இல்லை. அத்தனிமையும் அச்சமும் இன்றி ஜிம்மின் வளர்ச்சி முழுமை பெறாது. மூடுபனியும் கடலொலியும் கலந்த ஸ்டீவன்ஸனுடைய நடையைப் பொம்மைகள் தரமாட்டா. ஆகவே படம் பார்த்தவர் நூலைப் படியாதிருப்பின் இழப்பு அவர்களதே. எனினும் ஒன்று கூறுவேன். இறுதிப் போரில் கெர்மிட் என்னும் அச்சிறு தவளை, தன்னிற் பன்மடங்கு பெரிய ஸில்வரின் முன் வாளேந்தி நிற்கின்றது. அதன் வாள் பறிபோகின்றது. அப்பொழுதும் அது பின்வாங்கவில்லை. தோழர் ஒவ்வொருவராய் வந்து அதன் பக்கத்தில் நிற்கின்றனர். நன்மை எவ்வளவு சிறியது, எவ்வளவு எளிதில் நகைக்கப்படுவது, எனினும் நிற்பது என்பதைக் காட்ட ஒரு பச்சைத் துணித் தவளையினும் தக்கது உண்டோ?

வரும் பருவத்தில் விடுதியில் இப்படத்தைக் காட்டவேண்டுமென்று நானே கேட்கப் போகின்றேன். மூத்த மாணவியாரையும் அழைப்பேன். நூலையும் கையில் கொண்டு வரட்டும், வேறுபாடுகளைக் குறித்துக்கொள்ளட்டும். கரடி தன் விரலோடு பேசும் இடத்தில் அவர் சிரியாதிருந்தால் என் கட்சி தோற்றதாக ஒப்புக்கொள்வேன். அம்மாவையும் கேட்டேன், அத்தட்டினை விடுதிக்கு எடுத்துச் செல்லலாமா என்று. ‘கீறல் விழாமல் திருப்பிக் கொண்டுவா’ என்றார்கள்.